மக்காச்சோள ஊடு உழவு: பயிரை ஒட்டிய பத்து சென்டிமீட்டர்

மக்காச்சோளத்தை 60 சென்டிமீட்டர் வரிசையில் விதைத்தால் ஒரு ஏக்கரில் 6,745 மீட்டர் நீளத்துக்கு வரிசை ஓடும். ஊடு உழவில், அதாவது வரிசைகளுக்கு நடுவே களைக்காக உழும்போது, அந்த வரிசையின் இரு பக்கமும் டிராக்டர் கொழு (கலப்பைக் காலின் நுனியில் மண்ணை வெட்டும் இரும்பு) தொடாமல் விடுகிற மண்தான் கைக்களைக்கு மிஞ்சுகிற வேலை. பக்கத்துக்கு 15 செ.மீ. விட்டால் வயலில் பாதி அப்படியே நிற்கும். 10 செ.மீ. விட்டால் மூன்றில் ஒரு பங்கு. 7.5 செ.மீ. என்றால் கால் பங்கு, அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,010 சதுர மீட்டர். பக்கத்துக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் நெருங்கினாலும் 135 சதுர மீட்டர் கைக்களை குறைகிறது. களை வெட்ட ஆள் கிடைக்காத ஊரில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் நெருங்கப் பார்க்கிறார்கள், பயிரையும் வெட்டிக்கொள்கிறார்கள்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற மானாவாரி மக்காச்சோளத்தை வைத்து இந்த ஆய்வு. ஒரு தனி வயலை எடுக்கவில்லை; அந்தப் பக்கம் வழக்கமாகக் கூடிவருகிற அமைப்பைக் கணக்குக்கு எடுத்திருக்கிறோம். நாலு வரிசை விதைப்புக் கருவி, 40 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர், புழுதி உழவுக்கு வாங்கிய அதே ஒன்பது கலப்பை (ஒரே சட்டத்தில் ஒன்பது கால்). வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ., ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 செடி. இந்த ஒன்பது கலப்பையை ஊடு உழவுக் கருவியாக மாற்றி, பயிரிலிருந்து 10 செ.மீ. வரை சேதமில்லாமல் எப்படி நெருங்குவது? அந்தப் பத்துக்கு உள்ளே இருக்கிற களையை என்ன செய்வது? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். கருவியும் வேறு வேறு.

எந்தத் துணைக்கருவி வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று. பயிருக்கு விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளி என்பது பிழைகளின் கூட்டுத்தொகை. அந்தப் பிழையில் பெரும்பங்கு விதைக்கிற அன்றே நிலத்தில் பதிந்துவிடுகிறது. அதைக் குறைக்காமல் எந்தக் காப்புத் தகட்டை (செடிமேல் மண் விழாமல் தடுப்பது) மாட்டினாலும் தகடும் சேர்ந்து பயிர்மேல் ஏறும்.

சேதம் எந்த மாதிரி விழுந்திருக்கிறது

ஓட்டி முடித்த வயலைப் பார்த்துவிட்டு "பயிர் போச்சு" என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. 10 மீட்டர் வரிசையில் 40 செடி இருக்க வேண்டும். வயலில் ஐந்தாறு இடம் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் நாலு வரிசையையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஓட்டுவதற்கு முன்பு ஒருமுறை, ஓட்டி இரண்டு நாள் கழித்து ஒருமுறை. முதல் எண்ணிக்கை இல்லையென்றால் முளைக்காத இடமும் கொழுவின் தலையில்தான் விழும்.

நாலில் ஒரே ஒரு வரிசை மட்டும் வயல் முழுக்க அடிபட்டிருந்தால் கலப்பைக் கால் ஒன்று நகர்ந்திருக்கிறது; கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது கால் வளைந்திருக்கும். ஓரத்து வரிசை மட்டும் அங்கங்கே அடிபட்டிருந்தால் விதைத்தபோது ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் விட்ட இடைவெளி 60 ஆக இல்லை. நாலு வரிசையும் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக வெட்டுப்பட்டிருந்தால் அது ஸ்டியரிங். கொஞ்ச தூரம் வலப்பக்கம், அடுத்து கொஞ்ச தூரம் இடப்பக்கம் என்று மாறி மாறி வந்தால் ஓட்டுநர் வரிசையைப் பிடிக்கத் திருப்பி, அதிகம் திருப்பி, மறுபடி திரும்பியிருக்கிறார்.

செடி வெட்டுப்படாமல் மண்ணுக்குள் புதைந்திருந்தால் வேகம் கூடுதல், அல்லது காப்புத் தகட்டின் அடிவிளிம்பு தூக்கலாக இருந்தது. செடி நிற்கிறது, ஆனால் இரண்டாம் நாள் மதியம் வாடுகிறது, மாலையில் தேறுகிறது என்றால் கொழு ஆழமாகப் போய் பக்கவேரை அறுத்திருக்கிறது. இதைத்தான் பலரும் "மழை பத்தலை" என்று விட்டுவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் வாடிய வரிசையின் பக்கத்தில் கையால் மண்ணை விலக்கிப் பார்க்கலாம்; அறுபட்ட வேரின் முனை நேராக, ஒரே மட்டத்தில் இருக்கும்.

பத்து எங்கிருந்து வருகிறது

விதை வரிசை நேர்கோட்டிலிருந்து 3 செ.மீ. அலைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் வரிசையைப் பிடிப்பதில் 5 செ.மீ. பிழை. கலப்பைக் காலின் ஆட்டம் 1 செ.மீ. மூன்றும் ஒரே பக்கமாகச் சேர்கிற இடத்தில் 9 செ.மீ. தண்டின் பருமனையும் வேர்க்கழுத்தையும் சேர்த்தால் 10. இதற்குக் குறைவாகக் கொழுவை வைத்தால் எங்காவது ஓரிடத்தில் செடி வெட்டுப்பட்டே தீரும். 7.5க்கு இறங்க வேண்டுமென்றால் மூன்றிலும் சேர்த்து 2.5 செ.மீ. குறைத்தாக வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

காலின் ஆட்டத்தைக் குறைப்பது எளிது, செலவும் குறைவு. ஒன்பது கலப்பையில் பெரும்பாலும் ஸ்பிரிங் கால்கள். கல்லில் பட்டால் பின்னால் மடிந்து தப்பிக்க வைத்த ஏற்பாடு அது. கீலில் இருக்கிற புஷ் தேய்ந்தால் கொழு முனை பக்கவாட்டிலும் ஆடும். கருவியைத் தூக்கி நிறுத்திக் கொழு முனையைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் புஷ்ஷையும் போல்ட்டையும் மாற்றிவிடுவது நல்லது. பயிரை ஒட்டி ஓடுகிற கால்களுக்கு மட்டுமாவது ஸ்பிரிங் இல்லாத கெட்டிக் கால் மாட்டினால் இன்னும் நல்லது. கல் இல்லாத கரிசலில் ஸ்பிரிங்குக்கு வேலையும் இல்லை.

டிராக்டரின் பின்னால் கருவியைத் தாங்குகிற கீழ் லிங்க்குகளுக்குப் பக்கச் செயின் இருக்கிறது. உழவுக்கு அதைத் தளர்வாக விட்டிருப்பார்கள். ஊடு உழவுக்கு இரண்டு பக்கமும் இறுக்கிக் கருவியைப் பக்கவாட்டில் ஆடாமல் கட்ட வேண்டும். இதை மறந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண்.

ஓட்டுநரின் 5 செ.மீ. பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பின்னால் மாட்டிய கருவிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் கொழு முதலில் இடப்பக்கம் போகும். டிராக்டர் பின்னச்சை மையமாக வைத்துத் திரும்புகிறது. கருவி அந்த அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 1.9 மீட்டர், பின்னச்சிலிருந்து கொழுவுக்கு 1.5 மீட்டர் என்றால், முன்பக்கம் வலது பக்கமாக 5 செ.மீ. நகரும்போது கொழு இடது பக்கமாக 4 செ.மீ. நகர்கிறது. செடியை வெட்டப்போகிறோம் என்று கண்டு சட்டென்று ஒடிப்பதுதான் செடியை வெட்டுகிறது. வரிசை விலகினால் மெதுவாக, நாலைந்து மீட்டர் தூரத்தில் திருத்த வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதும் கூடாது. முன்னால் ஒரு வரிசையைக் குறியாக வைத்து, போனட்டின் முன் ஒரு கம்பியை நட்டு, கம்பியும் வரிசையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஓட்டினால் போதும்.

அமெரிக்காவில் 1924இல் வந்த ஃபார்மால் டிராக்டர் வரிசைப் பயிரில் ஊடு உழவு செய்வதற்கென்றே உருவானது. அதற்குப் பிறகு 1948இல் வந்த அல்லிஸ் சால்மர்ஸ் ஜி என்ற சின்ன டிராக்டரில் எஞ்சினையே பின்னால் தள்ளிவிட்டு, கொழுவை ஓட்டுநரின் கண்முன்னே வயிற்றுப் பகுதியில் தொங்கவிட்டார்கள். திருப்புகிற பக்கமே கொழுவும் போகும், பார்வையிலும் இருக்கும். நம் ஊர் டிராக்டர்கள் அப்படி வரவில்லை. மாட்டு ஏரில் இந்தச் சிக்கலே கிடையாது: மேழியைப் பிடித்தவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிறார், மாட்டுக்கு வாய்க்கூடை கட்டியிருக்கிறது, நடையின் வேகமும் மண் பறக்காத வேகம்.

விதைக்கிற அன்று

அடிப்படை விதி ஒன்றுதான். எத்தனை வரிசையாக விதைத்தோமோ அத்தனை வரிசையாகவே ஊடு உழவு ஓட வேண்டும். அதே நடையில், அதே நாலு வரிசையின்மேல். ஒரே நடையில் விழுந்த நாலு வரிசைக்குள் இடைவெளி மாறாது, ஏனென்றால் அவை ஒரே சட்டத்தில் இருந்து விழுந்தவை. மாறுவது நடைக்கும் நடைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது 52 ஆக இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். நாலு வரிசையில் விதைத்துவிட்டு மூன்று வரிசைக் கருவியை ஓட்டினால் அந்த மாறுகிற இடைவெளி ஒவ்வொரு நடையிலும் ஒவ்வோர் இடத்தில் வந்து கொழுக்களுக்கு நடுவே மாட்டும். வாடகைக் கருவியில் நடக்கிற சேதத்தில் இது அடிக்கடி காண்பது.

விதைப்புக் கருவியின் கால்களை 60 செ.மீ. அளந்து வைக்கும்போது சட்டத்தில் அளக்கக் கூடாது. தரையில் ஊன்றும் முனையில் டேப் பிடிக்க வேண்டும். மேலே சரியாக இருந்து கீழே 3 செ.மீ. விலகிய கால்கள் ஏராளம்.

அடுத்த நடைக்குக் கோடு கிழிக்கிற மார்க்கர் கையை, போனட் நடுவைக் கோட்டின்மேல் வைத்து ஓட்டுபவர்கள் ஓரத்து விதைக் காலிலிருந்து 150 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். வலது முன் சக்கரத்தைக் கோட்டில் வைப்பவர்களுக்கு (முன் சக்கரங்களின் நடுவுக்கு நடு 120 செ.மீ. என்றால்) வலது மார்க்கர் 90, இடது மார்க்கர் 210. இந்த இரண்டு எண்ணை மாற்றிப் போட்டால் ஒரு நடை விட்டு ஒரு நடை வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அல்லது அகலப் பொட்டல் விழும்.

நாட்டுக் கலப்பைச் சாலில் கையால் விதை போட்ட வயலுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு வரிசையும் தனி. ஒற்றை வரிசை பவர் வீடரோ மாட்டு ஏரோதான் வழி. பவர் வீடர் வாங்குபவர்கள் ரோட்டரின் இரு முனையிலும் செடியைத் தள்ளிவிடுகிற வட்டத் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது இல்லாத கருவி இலையை இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

ஒன்பது கலப்பையை மாற்றுவது

டிராக்டர் சக்கரங்களின் நடுவுக்கு நடு 120 செ.மீ. வர வேண்டும். ரிம்மைத் திருப்பிப் போட்டால் வருமா என்று அந்த டிராக்டரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். 12.4-28 டயரின் அகலம் 31.5 செ.மீ.; 60 செ.மீ. இடைவெளியின் நடுவே ஓடினால் செடிக்கு இரு பக்கமும் 14 செ.மீ. கிடைக்கும். 13.6-28 என்றால் 13க்கும் குறைவு. அதற்கு மேல் அகலமான டயரோடு இந்த வரிசையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

டிராக்டரின் நடுக்கோட்டை பூஜ்யமாக வைத்தால் செடி வரிசைகள் இரு பக்கமும் 30 செ.மீ.யிலும் 90 செ.மீ.யிலும் வரும். பாதுகாப்பு இடைவெளி 10 என்றால், நடு இடைவெளியிலும் சக்கரம் ஓடுகிற இரண்டு இடைவெளியிலும் 40 செ.மீ. அகலம் உழ வேண்டும். ஓரத்தில் பாதி இடைவெளிதான் நமக்கு. மறுபாதி அடுத்த நடைக்கு.

40 செ.மீ.க்கு மூன்று கொழு. முன் சட்டத்தில் இரண்டு அரைக்கொழு (ஒரு பக்கம் மட்டும் சிறகு உள்ளது), ஒவ்வொன்றும் 15 செ.மீ. பின் சட்டத்தில் நடுவே 20 செ.மீ. சிறகுக் கொழு, அதாவது ஸ்வீப். 15, 15, 20 சேர்ந்து 50. இரு பக்கமும் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் 40. இந்த 5 செ.மீ. மேற்படிதல் இல்லாவிட்டால் கொழுக்களுக்கு நடுவே களை ஒரு கோடாக நிற்கும், கோரை என்றால் கேட்கவே வேண்டாம். ஓரத்தில் ஒரே ஓர் அரைக்கொழு, 25 செ.மீ. நீளம். அடுத்த நடையின் 25 செ.மீ. வந்து இதன்மேல் 10 செ.மீ. ஏறும், நடைக்கு நடை இடைவெளி கொஞ்சம் அகலமாகப் போயிருந்தாலும் களை தப்பாது.

ஆக முன் சட்டத்தில் எட்டு அரைக்கொழு, பின் சட்டத்தில் மூன்று ஸ்வீப், மொத்தம் பதினொன்று. ஒன்பது கால் போதாது. இரண்டு காலும் கிளாம்ப்பும் கூடுதலாக வாங்க வேண்டும். முன் கால்கள் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 20, 40, 80, 100 செ.மீ.யில். பின் ஸ்வீப்புகள் பூஜ்யத்திலும் இரு பக்கமும் 60இலும். சட்டம் 2.1 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரு முனையிலும் ஒரு துண்டு பற்றவைத்து நீட்ட வேண்டியிருக்கும்.

அரைக்கொழு மாட்டும் திசையில்தான் பலரும் தவறுகிறார்கள். செங்குத்தான பக்கம் செடியை ஒட்டி இருக்க வேண்டும். வெட்டும் சிறகு செடியைவிட்டு விலகி இடைவெளியின் நடுவை நோக்கி நீள வேண்டும். அப்போது செடிப்பக்கம் மண் நேராக அறுபடும், தள்ளிய மண் நடுவுக்குப் போகும். திருப்பி மாட்டினால் சிறகின் முனை செடியின் வேருக்கு அடியில் போய் நிற்கும், மேலே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

ஸ்வீப்பில் தட்டையாக, முதுகு உயராமல் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதுகு உயர்ந்த ஸ்வீப் மண்ணை அள்ளி இரு பக்கமும் எறியும். அது பின்னால் மண் அணைக்க உதவும், 15 நாள் பயிருக்கு உதவாது. சிமென்ட் தரையில் கருவியை இறக்கிவைத்துப் பார்த்தால் ஸ்வீப்பின் மூக்கு தரையைத் தொட வேண்டும், சிறகின் பின்முனை சில மில்லிமீட்டர் தூக்கலாக இருக்க வேண்டும். அந்தச் சாய்வை மேல் லிங்க்கைக் கூட்டிக் குறைத்து வைக்கலாம். மூக்கு அதிகம் குத்தினால் ஆழம் பிடிக்கும், சிறகு மண்ணை உயர்த்தும். மூக்கு தூக்கினால் கொழு களையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

காப்புத் தகடு

செடியின் இரு பக்கமும் கூடவே ஓடி, பறக்கிற மண்ணைத் தடுக்கிற தகடு இது. ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. இரும்புத் தகடு, 70 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம், ஒரு தகடு சுமார் ஒன்றே முக்கால் கிலோ வரும். இரண்டு தகட்டுக்கும் நடுவே 15 செ.மீ. அதற்கு மேல் அகலம் வைக்க இடமில்லை, ஏனென்றால் இரு பக்கத்து அரைக்கொழுக் கால்களுக்கு நடுவே இருப்பதே 20. மேல்பக்கம் திறந்திருக்கலாம். முன் முனையை வெளிப்பக்கமாக விரித்து, கீழ் மூலையை மேல்நோக்கி வளைத்துவிட்டால் சாய்ந்த இலையை உள்ளே கூட்டிக்கொண்டு போகும், மண்ணில் குத்தாது.

தகட்டைச் சட்டத்தில் நேராகப் பற்றவைக்கக் கூடாது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். இரண்டு பட்டையான இணைக்கம்பிகளில் தொங்கவிட்டு, அளவுக்கு மேல் இறங்காமல் ஒரு செயினால் பிடிக்க வேண்டும். அடிவிளிம்பு தரையிலிருந்து 2 முதல் 3 செ.மீ. உயரத்தில் ஓடட்டும். தூள் மண் அந்தச் சந்து வழியே கொஞ்சம் உள்ளே போய் முளைத்துவரும் களையை மூடும், கட்டி தடுக்கப்படும். தகடு கொழுவின் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, கொழுவைத் தாண்டி ஒரு சாண் பின்னால் வரை நீள வேண்டும், இல்லாவிட்டால் மண் தகட்டைச் சுற்றிக்கொண்டு வந்து செடிமேல் விழும்.

கரிசலில் இந்தத் தகட்டுக்கு ஒரு வியாதி உண்டு. ஈரம் கொஞ்சம் கூடினாலும் உள்பக்கத்தில் மண் அப்பிக்கொண்டே வரும். 15 செ.மீ. சந்து 8 ஆகச் சுருங்கும், பிறகு செடியை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு நடை முடிவிலும் இறங்கிச் சுரண்ட வேண்டியிருந்தால் வயல் இன்னும் உழவுக்கு வரவில்லை என்று பொருள். பழைய தட்டையோ முந்தைய பயிரின் தாளோ கிடக்கிற வயலில் தகட்டுக்குப் பதில் உருளும் காப்பு வட்டு நன்றாக வேலை செய்யும். பல் வெட்டிய வட்டு உருண்டுகொண்டே போவதால் குப்பை சேராது.

முதல் ஓட்டு: 12 முதல் 15 நாள்

மூன்று, நாலு இலை வந்த பருவம். காப்புத் தகடு அவசியம். வேகம் மணிக்கு 3 கி.மீ.; 50 மீட்டர் தூரத்தை ஒரு நிமிடத்தில் கடந்தால் அந்த வேகம். ஆழம் 3 முதல் 4 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். களை வெள்ளை நூலாக மண்ணுக்குள் இருக்கும்போதோ இரண்டு இலையில் இருக்கும்போதோ மேல்மண்ணை அசைத்தாலே சாகும். சாரணை படர்ந்து தண்டு பருத்த பிறகு 8 செ.மீ. ஆழம் போனாலும் புரட்டிப்போட்ட இடத்தில் வேர்விடும். கோரைக்கு இந்த ஓட்டு ஒரு தடை மட்டுமே: கிழங்கு கீழே இருக்கிறது, திரும்ப வரும்.

மண் பதம் பார்க்க, உழவு ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்ட வேண்டும். கயிறாகத் திரிந்தால் ஈரம் அதிகம். பிடித்தது உதிர்ந்து பொலபொலவென்று விழுந்தால் சரி. காய்ந்து வெடிப்பு விட்ட பிறகு ஓட்டினால் கரிசல் பாளம் பாளமாகப் பெயரும்; ஒரு பாளம் நகர்ந்தால் அதிலிருக்கும் செடி வேரோடு நகரும். எந்தத் தகடும் அதைத் தடுக்காது. ஓட்டிய பிறகு ஒன்றிரண்டு நாள் வெயில் வேண்டும். மழை வரப்போகிற மாலையில் ஓட்டிய வேலை, களையை இடம் மாற்றி நட்ட வேலை.

நாலு வரிசை என்றால் 2.4 மீட்டர் அகலம். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு 1.78 ஏக்கர். திருப்பம், தகடு சுரண்டல் எல்லாம் போக எழுபது சதவீதம் என்று எடுத்தால் ஒண்ணேகால் ஏக்கர். வாடகையை ஏக்கர் கணக்கில் பேசினால் ஓட்டுநர் வேகம் கூட்டப் பார்ப்பார். மணிக்கணக்கு, 3 கி.மீ. என்று இரண்டையும் முதலிலேயே பேசிவிடலாம்.

வரிசைக்குள் இருக்கும் களை: 20 முதல் 25 நாள்

செடிக்கும் செடிக்கும் நடுவே உள்ள களையை வெட்டும் கொழுவால் எடுக்க முடியாது. இங்கே வேலை செய்வது பயிருக்கும் களைக்கும் உள்ள வயது வித்தியாசம். ஐந்தாறு இலை விட்ட மக்காச்சோளம் வேர் பிடித்து நிற்கிறது. அதன் காலடியில் நேற்று முளைத்த களை நிற்கிறது. மண்ணின் மேல் 2 செ.மீ.யை அசைத்தால் களை பெயரும், செடி தாங்கும். அந்த வித்தியாசம் இல்லாத வயலில் இந்தக் கருவிகள் இரண்டையும் சேர்த்தே எடுக்கும். செடியின் மேல் இலையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். செடி கையோடு வந்தால் இன்னும் நாளாகவில்லை.

எளிமையானது ஸ்பிரிங் கம்பி, வெளிநாட்டில் டார்ஷன் வீடர் என்கிறார்கள். 8 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி இரண்டு, வரிசைக்கு இரு பக்கமும். மேல்பகுதி சட்டத்தில் யு கிளாம்ப்பில். கீழ்ப்பகுதி பின்னோக்கி வளைந்து, கடைசி 20, 25 செ.மீ. நீளம் மண்ணுக்குள் 2 செ.மீ. ஆழத்தில் வரிசையை ஒட்டி ஓடும். முனைகளுக்கு நடுவே முதலில் 3 செ.மீ. விட்டுத் தொடங்கி, செடி தாங்குவதைப் பார்த்து நெருக்கலாம். செடியில் பட்டால் கம்பி வளைந்து வழிவிடும், கடந்ததும் திரும்பி வரும்.

ஊர்ப் பட்டறையில் இதைச் செய்யும்போது கெடுவது ஓரிடத்தில்: வெல்டிங். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும். அந்த இடத்தில் முறியும் அல்லது வளைந்தது வளைந்தபடி நிற்கும். கிளாம்ப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். கட்டடத்துக்குப் போடுகிற சாதாரணக் கம்பியை வளைத்து மாட்டுவதும் வீண், முதல் நடையிலேயே விரிந்துவிடும்.

அடுத்தது விரல் களையெடுப்பான். ரப்பர் அல்லது பாலியூரிதேன் விரல்கள் சுற்றிலும் நீட்டிய வட்டு, வரிசைக்கு ஒரு ஜோடி. வட்டின் கீழே உள்ள இரும்புப் பற்கள் மண்ணில் பிடித்து வட்டைச் சுற்றுகின்றன. தனியாக மோட்டார் கிடையாது. இரு பக்க விரல்களும் செடி வரிசையில் வந்து கோத்துக்கொண்டு மேல்மண்ணைக் கிளறுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகனில் பட்டிங் வீடர் என்ற பெயரிலும், ஜெர்மனியில் கிரெஸ் நிறுவனத்தாலும் செய்யப்பட்டுப் பரவிய கருவி. இதற்கு வேகம் வேண்டும், மணிக்கு 5 கி.மீ. ஆவது, 50 மீட்டரை 36 வினாடியில் கடக்க வேண்டும். மெதுவாகப் போனால் விரல் கிளறாமல் தடவிக்கொண்டு போகும். மேலே ஓடு கட்டிய மண்ணில் பற்கள் பிடிக்காமல் வட்டு நின்றுவிடும், நின்ற வட்டு செடியை இழுக்கும். ஆகவே அரைக்கொழு முன்னால் ஓடி மண்ணை உடைத்துவிட வேண்டும், விரல் பின்னால் வர வேண்டும். கட்டியும் பாளமுமான கரிசலில் விரல் வட்டைவிட ஸ்பிரிங் கம்பிக்கே எங்கள் ஓட்டு. செம்மண்ணிலும் தூள் மண்ணிலும் விரல் வட்டு நன்றாக ஓடும்.

இந்த ஓட்டில் காப்புத் தகட்டைத் தூக்கிக் கட்டிவிடலாம். செடி ஒரு அடி உயரத்தை நெருங்கிவிட்டது. 2, 3 செ.மீ. மண் காலடியில் விழுந்தால் அது பயிருக்கு நல்லது, சின்னக் களைக்குச் சாவு. கொழுவைச் செடியிலிருந்து 12, 13 செ.மீ.க்குத் தள்ளிவைக்க வேண்டும். வேர் பக்கவாட்டில் ஓடத் தொடங்கிய பருவம். முதல் ஓட்டில் பத்தில் ஓடிய அதே கொழு இப்போது வேரை அறுக்கும். உள்ளே விடுபட்ட மண்ணைக் கம்பி பார்த்துக்கொள்ளும்.

மக்காச்சோளத்தின் வளர்முனை ஏறக்குறைய ஆறு இலைப் பருவம்வரை மண்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் இலை கிழிந்தாலும் ஒடிந்தாலும் பயிர் மீண்டுவரும். உளுந்துக்கும் பருத்திக்கும் இந்தச் சலுகை இல்லை. அவற்றின் விதையிலையும் முனையும் வெளியே நிற்கின்றன. விதையிலைக்குக் கீழே அறுந்தால் செடி போனதுதான். இந்த அமைப்பை அப்படியே உளுந்தில் இறக்க வேண்டாம். நிலக்கடலையில் ஓட்டலாம், ஆனால் விழுது இறங்கத் தொடங்கியதும், சுமார் 40 நாளில், கொழு உள்ளே போகக் கூடாது.

மண் அணைப்பும் நிறுத்த வேண்டிய நாளும்

25ஆம் நாளை ஒட்டி மேலுரம் இடுகிற வழக்கம் இருப்பதால் யூரியாவை வரிசையோரம் வைத்துவிட்டு அதன்மேல் மண் அணைப்பதே சிக்கனம். முன் அரைக்கொழுக்களைக் கழற்றிவிட்டு, பின் ஸ்வீப்புகளுக்கு மேல் மண் தள்ளும் சிறகை மாட்டலாம், அல்லது வரிசைக்கு இரு பக்கமும் சட்டி வட்டை உள்நோக்கிச் சாய்த்து மாட்டலாம். தண்டில் 5, 6 செ.மீ. ஏறினால் போதும். குருத்துக்குள் மண் விழுகிற அளவுக்கு அணைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதைப் பயிர் தீர்மானிப்பதில்லை, டிராக்டரின் வயிறு தீர்மானிக்கிறது. அச்சுக்கும் தரைக்கும் நடுவே 35, 40 செ.மீ. என்றால் பயிர் முழங்காலுக்கு வந்ததும் கடைசி. அதற்கு மேல் செடி வளைந்து நிமிர்வதுபோலத் தெரியும். காலையில் விறைப்பாக இருக்கிற தண்டு ஒடியும், மதியம் துவண்டிருக்கும்போது ஒடியாமல் தப்பும். ஒரு நாள் தாமதமாகிவிட்டால் மதிய வேளையில் ஓட்டுவது அதனால்தான்.

கருவியைக் கழற்றும் முன் ஒவ்வொரு கிளாம்ப்பின் இரு பக்கமும் சட்டத்தில் பெயின்ட் கோடு போட்டுவிட வேண்டும். அடுத்த புரட்டாசியில் டேப் பிடிக்கும் வேலை மிச்சம், நடுவில் நகர்ந்த காலும் ஓட்டும்போதே கண்ணில் படும். அரைக்கொழுவின் விளிம்பு 3 மி.மீ.க்கு மேல் மழுங்கியிருந்தால் சாணை பிடித்து, கிரீஸ் தடவி வைக்கலாம். மழுங்கிய கொழு களையை வெட்டாமல் இழுக்கிறது, இழுத்த களை காலில் சுற்றுகிறது, சுற்றிய குப்பை செடியைச் சாய்க்கிறது. காலை இடம் மாற்றிப் பார்த்தும் தீராத சேதத்துக்குப் பல நேரம் காரணம் இதுவே.